வாலுவின் பின்னங்கால்

மார்ச் 3

அத்தைக்கு,

உங்கள் ரத்த அழுத்தம் இப்போது சொன்னபடி கேட்கிறதா? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடும் பழக்கத்தை விட்டுவிட்டீர்களா? வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே. எனக்கு ஒரு குறையும் இல்லை.

அத்தை என்று எழுதலாமா, கூடாதா என்று தெரியவில்லை. கோர்ட்டில் விவாகரத்து கொடுத்தபோது அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேறு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியாததால் பழைய மாதிரியே எழுதிவிட்டேன். தப்பென்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். வீட்டு முகவரிக்கு வேண்டாம் என்று தோன்றியது, அதனால் நீங்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லாண்டரிக்கு அனுப்புகிறேன்.

விஷயம் வாலுவைப் பற்றி. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்ததும் பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கிறான். முன்பெல்லாம் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கத்துவான். இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துகிறான். பொட்டுவும் முன்போலத் துள்ளுவதில்லை, ஆனால் அவ்வளவு மோசமில்லை. டாக்டரிடம் காட்டப் போகிறேன். வயது கேட்பார்கள். இரண்டு கினிப்பன்றிகளும் உங்கள் வீட்டில் வளர்ந்து, உங்கள் பெண்ணோடு இங்கே வந்தவர்கள். அதனால் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வாலு சின்ன வயதில் எங்கேயாவது விழுந்திருக்கிறானா?

அவசரமில்லை. முடிந்தபோது எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களைத் தொந்தரவு செய்யும் நான்

---

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

என் உடம்பு இந்த லாண்டரி மிஷின் மாதிரி. சத்தம் போட்டுக்கொண்டே ஓடும், நிற்காது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? யார் வீட்டு லிஃப்டாவது நின்றுவிட்டது என்று போன் வந்தால் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடும் ஆள் நீங்கள்.

அத்தை என்றே எழுதுங்கள். எனக்கு உங்களை வேறு எப்படிக் கூப்பிட வரும்? போனில் "ம்", "சரி" இரண்டைத் தவிர உங்கள் வாயிலிருந்து எதுவும் வராது. கடிதத்தில் பரவாயில்லை, முழு வாக்கியமாக வருகிறது. இப்படியே எழுதுங்கள்.

அவர்களுக்கு வயது ஆறாகிறது. மனுஷ கணக்கில் எனக்கும் மேலே. வாலு விழாத இடம் உண்டா? சோபாவிலிருந்து விழுந்தான், என் மடியிலிருந்து விழுந்தான், ஒரு தடவை துணிக்கூடையோடு சேர்ந்து கவிழ்ந்தான். வாலே இல்லாத பிராணிக்கு வாலு என்று பேர் வந்ததே அதனால்தானே. நாங்கள் இப்போது மாறி வந்திருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பிராணி கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்காமல் இருந்திருந்தால் அவர்களை உங்கள் தலையில் கட்டியிருக்க மாட்டோம்.

என் முட்டிக்கு நான் தடவும் தைலம் கொஞ்சம் பஞ்சில் தொட்டு அவன் காலில் தடவிப் பாருங்கள். பச்சை மூடி போட்ட பாட்டில். எனக்குக் கைகண்ட மருந்து.

வீட்டில் எல்லோரும் நலம்.

அன்புடன்,
அத்தை

---

மார்ச் 25

அத்தைக்கு,

லாண்டரி மிஷினுக்கும் அவ்வப்போது ஓய்வு கொடுக்க வேண்டும். மெக்கானிக்காகச் சொல்கிறேன், கேளுங்கள். நான் நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். எந்த நேரம் என்று கேட்காதீர்கள்.

டாக்டரிடம் போய்வந்தோம். கூட்டம் அதிகம். பூனையோடு ஒரு அம்மா, முயலோடு ஒரு தம்பதி, அவசரம் என்று சொன்னவர்களையெல்லாம் முன்னால் விட்டேன். கடைசியில் டாக்டரம்மா கதவைப் பூட்ட வந்தபோது எங்களைப் பார்த்து, "நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பின்முட்டியும் தேய்ந்திருக்கிறது, இடுப்பிலும் ஆரம்பித்திருக்கிறது. மூட்டுவாதம்தான். குணமாகாது, ஆனால் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். லிஃப்டாக இருந்தால் தேய்ந்த சாமானைக் கழற்றிப் புதிதாக மாட்டியிருப்பேன் என்றேன். "அந்த வசதி கடவுள் வைக்கலை, நீங்க மருந்து குடுங்க" என்றார்.

தைலத்தைப் பற்றியும் கேட்டேன். டாக்டரம்மாவின் குரல் சாதாரணமாகவே பெரிது. "நக்கிடும்ங்க, விஷம். மனுஷங்க மருந்து எதையும் கிட்டயே கொண்டுபோகாதீங்க. இதை யார் சொன்னாங்க?" என்றார். நான் யார் என்று சொல்லவில்லை.

வலிக்கு ஒரு திரவ மருந்து கொடுத்திருக்கிறார். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து வாயோரமாக விட வேண்டும். வாலு முதலில் துப்பினான், இப்போது சிரிஞ்சைக் கண்டால் ஓடி வருகிறான், மருந்து இனிப்பாம். இந்தப் பிராணிகளின் உடம்பு வைட்டமின் சி தானாகச் செய்துகொள்ளாதாம், அது குறைந்தால் மூட்டு இன்னும் கெடுமாம். அதனால் தினமும் குடைமிளகாய். எடை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுக்கிறேன். அதில் ஏறி உட்கார்ந்தால் ராஜா மாதிரி பார்க்கிறான்.

கூண்டின் மாடியைக் கழற்றிவிட்டேன். சரிவுப் பலகை ஏறி இறங்குவது முட்டிக்கு ஆகாதாம். நானே ஆசையாகச் செய்த மாடி. இனி எல்லாம் தரைத்தளம்தான்.

உங்கள் முட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் டாக்டரிடம் காட்டினீர்களா?

இப்படிக்கு,
மருந்து கொடுக்கும் நான்

---

ஏப்ரல் 10

மாப்பிள்ளைக்கு,

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். எனக்கு வலிக்க இரண்டு கால்தான், வாலுவுக்கு நாலு. அவனை முதலில் பாருங்கள்.

அந்த டாக்டரம்மாவிடம் என் பேரைச் சொல்லாததற்கு நன்றி. ஆனால் வரிசையில் எல்லோரையும் முன்னால் விட்டீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம். வலியோடு இருக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இந்தத் தாராளம் எதற்கு?

பார்சலில் ஆறு விரிப்பு அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட மெத்தென்ற கம்பளிகளை வெட்டி, நடுவில் துண்டுத் துணி வைத்துத் தைத்தது. மேலே ஈரம் நிற்காது. கூண்டில் பரப்பியிருக்கும் மரச்சீவலை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். தினமும் ஒன்றை மாற்றித் துவையுங்கள். சோப்பு வாசனை போகும்வரை அலசுங்கள்.

சில சந்தேகங்கள். வாலு தண்ணீர் குடிக்கும்போது இடது முன்காலைத் தூக்கிக்கொள்வானே, இன்னும் செய்கிறானா? தண்ணீர்ப் பாட்டில் அவனுக்கு எட்டுகிறதா, இல்லை கழுத்தை நீட்ட வேண்டியிருக்கிறதா? எட்டாவிட்டால் இறக்கிக் கட்டுங்கள். செருப்பு அலமாரி பக்கத்து ஜன்னல் சரியாக மூடாது, காற்று நேரே கூண்டில் அடிக்கும், இடம் மாற்றினீர்களா? பின்பக்கம் நனைந்திருந்தால் வெந்நீரில் துடைத்துவிட வேண்டும். அதற்கு அந்த நீலத் துண்டு வேண்டாம், அது சொரசொரவென்று இருக்கும். பொட்டு இன்னும் வாலுவின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறானா?

பதில் எழுதுங்கள். எல்லோரும் நலம்.

அன்புடன்,
அத்தை

---

ஏப்ரல் 15

அன்பு அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள், வீட்டில், எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

விரிப்புகள் பிரமாதம். வாலு முதலில் மூக்கால் தள்ளிப் பார்த்தான், பிறகு நடுவில் படுத்துக்கொண்டு பொட்டுவுக்கு ஓரம்தான் கொடுத்தான். மரச்சீவல் குத்தி உள்ளங்காலில் வந்திருந்த சிவப்பு குறைந்துவிட்டது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். இடது காலைத் தூக்கிக்கொண்டுதான் குடிக்கிறான், கொஞ்சம் தள்ளாடுகிறான். பாட்டிலை இறக்கிவிட்டேன், பக்கத்தில் தட்டையான கிண்ணமும் வைத்திருக்கிறேன். கூண்டை உள்ளறைச் சுவரோரம் நகர்த்திவிட்டேன். நீலத் துண்டைத் தரை துடைக்கப் போட்டுவிட்டேன். பொட்டு தாடையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான், ஆனால் இப்போது மெதுவாக, பார்த்து வைக்கிறான்.

நீங்கள் இந்த வீட்டுக்கு வந்ததே ஒரு தடவைதான், அன்றைக்கும் உட்காராமல் கிளம்பிவிட்டீர்கள். ஜன்னல் சரியாக மூடாதது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டவர்களிடம் சொல்லுங்கள், ஜன்னலை ரிப்பேர் பண்ணியாகிவிட்டது. சமையலறைக் குழாயும் இப்போது ஒழுகுவதில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தேன். கூடத்தில் இருந்த நாற்காலியின் ஆடும் காலைச் சரிசெய்துவிட்டேன். ஆள் வந்தால் உட்காரலாம்.

கம்பெனியில் என்னை வேறு ஊருக்கு மேற்பார்வையாளராக அனுப்புவதாகச் சொல்கிறார்கள். பார்க்கலாம் என்றேன். இப்போதைக்கு இந்த வீட்டை விட்டுப் போவதாக இல்லை.

உடனே எழுதுங்கள் அத்தை.

அன்புடன்,
நான்

---

மே 9

மாப்பிள்ளைக்கு,

லாண்டரியில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம். நான் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

வாலு நன்றாக இருப்பது சந்தோஷம். நகம் வளர்ந்தால் வெட்டிவிடுங்கள், நடை குறைந்தால் நகம் தேயாது.

மேற்பார்வையாளர் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல வாய்ப்பு. வீடு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும்.

அன்புடன்,
அத்தை

---

ஜூன் 2

அத்தைக்கு,

உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? முட்டிவலி அதிகமாகிவிட்டதோ என்று நினைத்தேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

வாலுவுக்குப் போன வாரத்திலிருந்து எடை இறங்குகிறது. காய்ந்த புல்லை வாய் அருகே கொண்டுபோனால்தான் தின்கிறான். மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது. வேலைக்குப் போகும் முன் அவன் இடுப்பை விரலால் மெதுவாக நீவிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு உறுமுவான். அந்தச் சத்தம் சின்ன மோட்டார் ஓடுவது மாதிரி இருக்கும். பொட்டு, வாலுவுக்குப் போட்ட குடைமிளகாயைத் திருடுவதை நிறுத்திவிட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

யாராவது அவனைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் இப்போது வருவது நல்லது. ஞாயிறு நான் வீட்டில்தான் இருப்பேன். நான் இருக்க வேண்டாம் என்றாலும் சரி, சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன். அவரவர் சௌகரியம்.

இப்படிக்கு,
நான்

---

ஜூன் 28

அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வாலு போய்விட்டான். காலையில் எழுந்து நிற்க முடியவில்லை, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான். டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை வாசலிலேயே, "என்னுடையவன் முதலில்" என்று சொன்னேன். எல்லோரும் வழிவிட்டார்கள். அவர் பார்த்துவிட்டு, இனி வலியைக் குறைக்க முடியாது, ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்றார். அவ்வளவு பெரிய குரல் அன்றைக்கு இல்லை. உங்கள் விரிப்பில் சுற்றி என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். சீக்கிரம் முடிந்தது.

திரும்பி வந்து அவனைப் பொட்டுவுக்குக் காட்டினேன். அப்படிக் காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார், இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்குமாம். முகர்ந்து பார்த்தான். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தான். அப்புறம் மூலைக்குப் போய்விட்டான்.

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. என் போன கடிதம் கிடைத்ததா?

நான்

---

ஜூலை 20

என் மாப்பிள்ளைக்கு,

சாப்பிட்டீர்களா? வேலைக்குப் போகிறீர்களா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

இரண்டு கடிதமும் கிடைத்தன. பதிலை எழுதி எழுதிக் கிழித்தேன். துணி மடிக்கிற பெண்கள், "அம்மா யாருக்கு அழறீங்க?" என்று கேட்டார்கள். வாலுவுக்கு என்றேன். பொய்யில்லை, பாதி அதுதான்.

மீதியைச் சொல்கிறேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கூட வேலை செய்கிறவர். நல்ல மனுஷர், ஓயாமல் பேசுவார். செப்டம்பரில், பத்துப் பேரை வைத்துக்கொண்டு.

ஜன்னலைப் பற்றியும் நீலத் துண்டைப் பற்றியும் கேட்டது அவள்தான். என் பக்கத்தில் உட்கார்ந்து கேளு கேளு என்று சொன்னாள். வாலு, பொட்டு, அந்தப் பிள்ளைகள் மேல் அவளுக்கு உயிர். ஆனால் பிள்ளைகள் மேல் மட்டும்தான். நீங்கள் சுவருக்கு வெள்ளை அடித்தேன் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. வாலுவைப் பார்க்க அவள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்துவிட்டாள். "அந்த வீட்டுக்குள்ள என்னால நுழைய முடியாதும்மா" என்றாள். நானாவது வந்திருக்கலாம். அவளை அப்படியே விட்டுவிட்டு வர முடியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவள் கேட்கச் சொன்னதால் எழுதுகிறேன். அவர்கள் போகப்போகும் வீடு சொந்த வீடு, பிராணி வளர்க்கத் தடையில்லை. பொட்டு தனியாக இருக்கிறானே, அவனைத் தங்களிடம் தருவீர்களா என்று கேட்கிறாள். நீங்களும் வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். யோசித்துச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
அத்தை

---

ஆகஸ்ட் 24

அத்தைக்கு,

சாப்பிடுகிறேன். வேலைக்கும் போகிறேன். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு வேலையைக் காரணம் சொல்ல மாட்டேன்.

கல்யாணச் செய்தி நல்ல செய்தி. அதை இன்றைக்குத்தான் என்னால் எழுத முடிகிறது. நன்றாக இருக்கட்டும். மனதிலிருந்துதான் சொல்கிறேன்.

பொட்டுவைப் பற்றி. முதலில் தருகிறேன் என்றுதான் எழுதினேன். கூடையெல்லாம் துடைத்து வைத்தேன். மருந்து, எடை, எதைத் தின்பான், எதைத் தள்ளுவான், எல்லாம் எழுதி உறைக்குள் போட்டு ஒட்டியும் ஆகிவிட்டது. மறுநாள் வேலையிலிருந்து வந்து மாடிப்படியில் ஏறும்போதே உள்ளேயிருந்து கத்தினான். வாலு போனதிலிருந்து அவன் சத்தமே போடவில்லை அத்தை. என் செருப்புச் சத்தத்துக்குக் கத்தினான். கதவைத் திறந்தால், எழுந்து நிற்கவே சிரமப்படும் காலை வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்கப் பார்க்கிறான்.

உறையைக் கிழித்துவிட்டேன்.

பொட்டுவைத் தர மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. அவனுக்கும் முட்டி தேய ஆரம்பித்துவிட்டது, வளர்க்கிற கை மாறினால் தாங்க மாட்டான் என்று டாக்டரம்மாவும் சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் தர மாட்டேன். அவன் எனக்கு வேண்டும்.

மேற்பார்வையாளர் வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். அங்கே தரைத்தள வீடாகப் பார்த்திருக்கிறேன். எடுத்த எடுப்பிலேயே வீட்டுக்காரரிடம், ஒரு கினிப்பன்றி உண்டு, அதற்குச் சம்மதமென்றால் மட்டும் பேசலாம் என்றேன். சம்மதித்தார்.

இதை அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சிரமம் கொடுக்கிறேன்.

உங்கள்,
மாப்பிள்ளை

---

செப்டம்பர் 5

மாப்பிள்ளைக்கு,

முட்டியைக் கடைசியில் டாக்டரிடம் காட்டிவிட்டேன். எனக்கும் மாடி ஏறக்கூடாதாம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், புது ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ள நாளாகும்.

நான் எதையும் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன். படித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு இன்னொரு தடவை படித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அவன் அங்கேயே இருக்கட்டும்மா" என்றாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்:

"நான் கிளம்பின அன்னிக்கு, கனமா இருக்கு, நீ தூக்காதேன்னு என் பெட்டியை அவரே டாக்ஸி வரைக்கும் தூக்கிட்டு வந்தாரும்மா. படி இறங்குற வரைக்கும் ஏதாவது சொல்லுவார்னு நெனச்சேன். பத்திரமா போன்னு சொன்னார். தர மாட்டேன்னு ஒரு வார்த்தை இருக்குன்னே அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

இதை உங்களுக்கு எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதாமல் வைத்துக்கொண்ட விஷயங்கள் நம் இரண்டு பேரையும் போதுமான அளவு படுத்திவிட்டன. அவள் அழவில்லை. அன்று சாயங்காலமே அந்த மனுஷரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இனி அவள் அங்கேதான், சந்தோஷமாகத்தான். ஆனால் அந்தக் கடிதத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. என் பெட்டியில் உங்கள் கடிதங்களில் ஒன்று குறைகிறது.

எனக்கு அதில் வருத்தமில்லை. நீங்கள் தர மாட்டேன் என்று எழுதிய இடத்தைப் படித்தபோது லாண்டரியில் நான் தனியாகச் சிரித்தேன்.

அன்புடன்,
அத்தை

---

அக்டோபர் 11

அத்தைக்கு,

முட்டிக்குக் கொடுத்த மாத்திரையையாவது பாதியாக உடைக்காமல் போடுங்கள். கல்யாணம் நல்லபடியாக நடந்திருக்கும். உங்கள் களைப்பும் இதற்குள் தீர்ந்திருக்கும்.

உங்கள் கடிதத்தைச் சாமான் கட்டும்போது படித்தேன். அன்றைக்கு அதற்கப்புறம் ஒன்றும் கட்டவில்லை. படியில் போய் உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. நீங்கள் எழுதியது நல்லதுதான்.

புது வீட்டுக்கு வந்தாகிவிட்டது. பொட்டு பயணம் முழுக்க என் மடியில். கிளம்பும் முன் டாக்டரம்மா ஒரு கிழவியைக் கொண்டுவந்து காட்டினார். யாரோ மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டுப் போன கினிப்பன்றி, சாம்பல் நிறம், ஒரு கண் மங்கல், முன்கால் இரண்டிலும் மூட்டுவாதம். பொட்டுவுக்கு எப்போதோ ஆபரேஷன் ஆகிவிட்டதால் குட்டி போடும் பயமில்லை என்றார். "வேணுமா?" என்று கேட்டார். யோசிக்காமல் வேண்டும் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே மருந்துப் பாட்டில். முதல் வாரம் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவில்லை. நேற்று அவள் தின்றுகொண்டிருந்த குடைமிளகாயைப் பொட்டு பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஓடினான் என்பது சும்மா சொல்வது. நொண்டிக்கொண்டே போனான். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அவளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. வைத்துத் தர ஆள் வேண்டும். வாசலில் ஒரு படிகூட இல்லை, உங்கள் முட்டிக்குத் தொந்தரவில்லை. உள்ளறை உங்களுக்கு.

சௌகரியப்பட்டால் வாருங்கள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். வாருங்கள் அத்தை. பஸ் நிலையத்தில் வந்து நிற்பேன், ஊருக்குத் திரும்புகிறேன் என்று நீங்கள் சொன்னாலும் பத்து நாளைக்கு விட மாட்டேன்.

உங்கள்,
மாப்பிள்ளை